நம்பிக்கையை என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் (மூளை வளர்ச்சி மாறுபடுவதால் பேசுவதும் பழகுவதும் வேறு மாதிரி இருக்கும் நிலை) பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரைக்கு வந்திருந்த இரண்டு வாசகர் கடிதங்களைப் படித்தேன். மனதில் நம்பிக்கை இருந்தால் இந்தப் பிள்ளைகளும் சாதிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் நாட்டில் இவர்களுக்கு எதிர்காலம் கிடையாது, பெற்றோர் மனதைத் தேற்றிக்கொண்டு காலத்தைத் தள்ள வேண்டியதுதான் என்று இன்னொருவர் முடித்திருந்தார். 'இந்தப் பிள்ளைகளில்' நானும் ஒருவன். வயது 37. மும்பையில் சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். ஹார்பர் லைன் ரயிலில் மஸ்ஜித் பந்தர் வரை போய் வேலை பார்க்கிறேன். தலையில் நரை விழுந்த பிள்ளையை இரண்டு கடிதங்களிலும் தேடிப் பார்த்தேன், காணோம்.

எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே 31ஆம் வயதில்தான். அதுவரை பள்ளியில் 'ஊமைக்கோட்டான்', உறவினர் வீடுகளில் 'தலைக்கனம் பிடித்தவன்'. ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்குவதற்காக அம்மாவுடன் அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். இதற்கென்று இந்தியாவிலேயே தயாரித்த அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 40 குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐத் தொடாவிட்டால் ஆட்டிசம் இல்லை. வீட்டாரிடமும் விசாரிப்பார்கள். என் அம்மாவுக்குக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் இந்தி வரும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே என்னைப் பற்றி அம்மா சொன்னதையெல்லாம் நானே இந்தியில் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

"கண்ணைப் பார்த்துப் பேசுவாரா?" என்று டாக்டர் கேட்டார். "மாட்டான்" என்றார் அம்மா. "நான் பார்க்க மாட்டேன் என்கிறார் அம்மா" என்று நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி சொன்னேன். எதிரில் இருப்பவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பாரா என்பது அடுத்த கேள்வி. "இவன் அப்பாகூடத்தான் தாலி கட்டிய நாளிலிருந்து சிரித்ததில்லை. அவருக்கும் ஒரு சீட்டு எழுதித் தருவாரா, கேள்" என்றார் அம்மா. அதையும் சொன்னேன், ஒருவர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட எனக்கு வராது. டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மொத்தம் 78 வந்தது. எழுந்தபோது டாக்டர் என் தோளில் தட்டி, நம்பிக்கையோடு இருங்கள் என்றார். முத்திரை வைப்பது எந்த கவுண்டரில் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

நான் பார்த்த ஆறுதல்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஊக்கப் பேச்சு நிகழ்த்துவதற்கென்றே வெளியிலிருந்து ஆள் வருவார். எனக்கு வேண்டியிருந்தது பேச்சல்ல, என் தலைக்கு மேலே துடித்துக்கொண்டிருந்த டியூப்லைட்டை யாராவது மாற்றுவது. மற்றவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்கோ மத்தியானத்துக்குள் கண் பின்னால் வலி ஏறி, எதிரே பேசுகிறவரின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். மூன்று பேரிடம் சொன்னேன். "பாசிட்டிவாக யோசியுங்கள்" என்றார் ஒருவர். தகுதிகாண் காலம் முடிந்ததும், குழுவோடு ஒட்டவில்லை என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இருப்பது ஒரு கிளியரிங் ஏஜென்சி. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் சுங்கக் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எட்டு இலக்கச் சுங்கவரி எண், இன்வாய்ஸில் உள்ள எடை, பேக்கிங் லிஸ்டில் உள்ள எடை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும், வாடகை ஏறும். இங்கே தலைமை எழுத்தர் ஒரு மராத்திக்கார அம்மாள். வேலையைக் குரல் கொடுத்துச் சொன்னால் நான் தடுமாறுகிறேன் என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் எழுதித் தர ஆரம்பித்தார். மேசையைக் கோப்பு அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொடுத்தார். காலை 8 மணிக்கு வந்து 4 மணிக்குப் போகலாம் என்று சேட்டிடம் பேசி வாங்கினார். கோலிவாடாவில் ரயில் ஏறுகிறவர்களுக்கு, நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுவதன் அருமை தெரியும். அவருக்கு ஆட்டிசம் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. காகிதத்தில் தப்பு வரக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. என் வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஏதாவது நம்பிக்கை இருக்கிறது என்றால் அது அந்தத் துண்டுச் சீட்டுகளால் வந்தது.

இது என் ஒருவன் கதை என்று வாசகர்கள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு விவரித்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். நான்கு வயது நிரம்புவதற்குள் அவரை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பெற்றோரே போய் அழைத்து வந்தார்கள். பிறகு சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் வளர்ந்தார். எதையும் அளந்துகொண்டே இருக்கும் பையனை அவர்கள் கிணறு தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று கேட்டார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். சரி, உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். எண்ணாதே என்று யாரும் அவனை அடக்கவில்லை. அவர் பட்டம் பெற்றார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023இல் 89ஆம் வயதில் காலமானார். அந்த 11 பேரும் பின்னால் என்ன ஆனார்கள் என்று கானரே 1971இல் எழுதினார். அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்து முடங்கிப்போனார்கள் என்று அதில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். பதினோரு பேருக்கும் ஒரே பெயர் கொண்ட நிலைமைதான். போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

டொனால்ட் வேலை பார்த்த வங்கியில் அவருடைய தாய்வழிக் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பாவுக்கு இருந்தது இஸ்திரிக் கடை. இந்த வேறுபாட்டைச் சொன்னால் உடனே என்னை விரக்தி பிடித்தவன் என்கிறார்கள். கணக்கைச் சரியாகப் போடுகிறவனுக்கு அப்படி ஒரு பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகை இருந்தது, ஆட்டிசம் அதில் இல்லை. எனக்கும் அப்போது ஏழு வயது. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளாக விரித்தது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பந்தியில் கடைசி வரிசைக்கு வைத்த ஒற்றை வடை மாதிரி. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. நான் நேர்முகத் தேர்வுக்குப் போன எந்த இடத்திலும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. எங்கள் தெருவில் பந்தல் போடும் நாட்களில் அதைப் பற்றிப் பேசினால் காதில் விழாது. ஆனாலும் 1995க்கும் 2016க்கும் இடையே ஏதோ நகர்ந்திருக்கிறது. யாரோ சிலர் மனுவோடு அலைந்ததால் நகர்ந்தது.

எனக்கு வந்த 78ஐ வைத்துக்கொண்டு எல்லோருக்காகவும் பேச நான் தயாரில்லை. எங்கள் அடுத்த சந்தில் ஒரு பையன் இருக்கிறான், பதினாறு வயது, பேச்சு இல்லை. கதவு திறந்திருந்தால் தண்டவாளப் பக்கம் ஓடிவிடுவான். அவன் அம்மா உள்தாழ்ப்பாளில் பூட்டு மாட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார். அவரிடம் போய் நம்பிக்கை வையுங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வராது. எதிர்காலம் கிடையாது என்று சொல்ல அதைவிட வராது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், இவனை நம்பி விடுவதற்கு ஓர் இடம் கிடைத்தால் ரேஷன் கடைக்காவது போய் வருவேன் என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். உங்கள் இரண்டு வாசகர்களில் யாராவது அதற்குப் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஐ.நா. பொதுச்சபை 2007இல் தீர்மானித்தபடி ஒவ்வோர் ஏப்ரல் 2ஆம் தேதியும் ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வருகிறது. கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுவார்கள். நீங்களும் ஒரு சாதனையாளர் பேட்டி போடுவீர்கள்; போடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி, மும்பையில் எந்தெந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை சான்றிதழ் வாரியம் உட்காருகிறது, என்னென்ன காகிதம் வேண்டும், முத்திரை எந்த கவுண்டரில் என்று தமிழில் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. விவரங்களைத் திரட்ட ஆள் வேண்டுமென்றால் நான் சனிக்கிழமைகளில் போய்க் கேட்டு எழுதித் தருகிறேன். எழுத்துப் பிழை இருக்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சயான் கோலிவாடா, மும்பை

பி.கு.: கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தங்கைக்குத் திருநெல்வேலிப் பக்கம் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் உங்கள் பத்திரிகை போகிறது. அவள் திருமணம் முடிந்த பிறகு எழுதும் கடிதத்தில் பெயரும் முகவரியும் முழுதாக இருக்கும்.