வைன் வேற, ஒயின் வேற அண்ணாச்சி

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரெட் ஒயின் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், சந்தோசம், நம்ம பக்கத்துல இதெல்லாம் யாரு எழுதுதா. ஆனா அதுல "ஓல்ட் வைன் கிரெனாஷ்"ங்கிறத (கிரெனாஷ்ங்கிறது ரெட் ஒயின் போடுற ஒரு திராட்சை ரகம்) நூறு வருஷம் ஊற வச்ச ஒயின்னு போட்டுட்டீங்க, கடைசியில போயி எந்த ரெட் ஒயினும் வீட்ல வைக்க வைக்க ருசி ஏறும்னு வேற ஒரு வரி. இந்த ரெண்டாவது வரி எங்க அத்தான் கண்ணுல பட்டுருச்சு, அதுனாலதான் இந்த லெட்டர்.

நான் திசையன்விளை பக்கம். 14 வருஷம் டூரிஸ்ட் கப்பல்ல வேலை பாத்தேன், மொதல்ல தட்டு கழுவி, பொறவு சர்வர், கடைசி ஆறு வருஷம் ஒயின் ஊத்துற வேலை, 2018ல ஊருக்கு வந்துட்டேன். குடிக்கச் சொல்லி எழுதுதேன்னு யாரும் நெனைக்காதீங்க, நானே மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் தாண்ட மாட்டேன்.

வைன்னா கொடி, திராட்சைக் கொடி. நம்ம வாயில ரெண்டும் ஒரே மாதிரி வர்றதுனால வந்த வினை. ஓல்ட் வைன்னா கொடிக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம், பாட்டில்ல இருக்கிறதுக்கு இல்ல. 100 வருஷக் கொடியில போன வருஷம் பறிச்ச பழத்துல செஞ்சாலும் அது ஓல்ட் வைன் ஒயின்தான். தாத்தா நட்ட பனையில இன்னைக்குக் காலையில இறக்குன பதநீரை யாராச்சும் பழைய பதநீர்னு சொல்லுவாங்களா?

எத்தனை வயசானா பழைய கொடின்னு பல நாட்டுல சட்டமே கிடையாது, லேபிள்ல போட்டுக்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவுல பரோஸா பக்கத்துக்காரங்க 2009ல தங்களுக்குள்ள ஒரு கணக்கு வச்சுக்கிட்டாங்க, 35 தாண்டுனா ஓல்ட், 70 தாண்டுனா சர்வைவர், 100 தாண்டுனா சென்டினேரியன், 125 தாண்டுனா ஆன்செஸ்டர், அதாவது மூதாதை. நம்ம ஊரா இருந்தா அந்த வயசுக் கொடிக்கு அடியில ஒரு பீடத்தைக் கட்டிக் கொடை குடுத்திருப்போம்.

சரி, கொடிக்கு வயசானா என்ன லாபம்னு கேப்பீங்க. கிரெனாஷ் எளவயசுல கன்னாபின்னான்னு காய்க்கிற ரகம், கொத்துக் கொத்தாத் தள்ளும், அப்படிக் காய்ச்ச பழத்துல ஒயின் போட்டா வெளிறிப்போயி சர்பத் மாதிரி இருக்கும். வயசாக வயசாக காய்ப்பு தானாக் குறையும், வேர் ஆழத்துக்குப் போயிரும், கொத்து கம்மி, பழம் சின்னது, சாறு கெட்டி. அதுனாலதான் வேற ரகத்தைவிட இந்த ரகத்துக்குக் கொடியோட வயசைப் பெருசாப் பேசுதாங்க. ஸ்பெயின்ல இதுக்குப் பேரு கர்னாச்சா, சார்தீனியாத் தீவுல கன்னோனாவ், எல்லாம் ஒண்ணுதான்.

நான் அந்தக் கொடியைக் கண்ணால பாத்திருக்கேன். 2015 பிப்ரவரியில கப்பல் ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல நின்னப்போ நானும் ஒரு கோவாக்காரனும் காசு போட்டு டாக்ஸி பிடிச்சு மெக்லாரன் வேலுக்குப் போனோம், அதுல ப்ளூயிட் ஸ்ப்ரிங்ஸ்னு ஒரு பகுதி. தோட்டத்து வாசல்லயே ஒரு தட்டு நெறைய மருந்துத் தண்ணி, ஷூவை அதுல முக்கிட்டுத்தான் உள்ள வரணும்னு சொல்லிட்டாங்க, நான் கோயிலுக்குக் கால் கழுவிட்டுப் போற மாதிரி போலன்னு நெனச்சேன். உள்ள போனா பந்தல் இல்ல, கம்பி இல்ல, நம்ம கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டத்தையே பாத்த கண்ணுக்கு இது திராட்சைன்னே தெரியல, ஒவ்வொண்ணும் தனித்தனியா இடுப்பு உயரத்துக்கு முறுக்கிக்கிட்டு நிக்கி, அடிமரம் என் தொடை தண்டிக்கு. தண்ணி பாய்ச்சுறதும் கிடையாது, மானாவாரி. குனிஞ்சு மண்ணை அள்ளுனா விரலிடுக்கு வழியா அப்படியே ஓடுது, சுத்த மணல். நம்ம தேரி மணல் செக்கச்செவேல்னு இருக்கும், அது வெளுத்த மணல், அம்புட்டுதான் வித்தியாசம். கோவாக்காரன் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தான், எனக்கு ஊரு ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்கிச்சு.

அந்த மருந்துத் தண்ணிக்குக் காரணம் பொறவுதான் தெரிஞ்சுது. ஃபைலாக்ஸெரான்னு ஒரு பூச்சி, அசுவினி இனம், அமெரிக்காவுல இருந்து கொடியோட ஒட்டிக்கிட்டு 1860கள்ல பிரான்ஸுக்குள்ள போயி வேர்ச்சாறை உறிஞ்சியே ஐரோப்பா பூராவும் திராட்சையை அழிச்சிருச்சு, பொறவு அமெரிக்க வேர்ல ஒட்டுக் கட்டித்தான் மறுபடி பிழைக்க வச்சாங்க. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள அது இன்னும் நுழையல, ஷூ வழியா மண்ணோட வந்துரக் கூடாதுன்னுதான் அந்தத் தட்டு. மணலுக்குள்ள அந்தப் பூச்சியால பிழைக்கவும் முடியாது. அதான் அங்க கிழட்டுக் கொடியெல்லாம் ஒட்டு இல்லாம சொந்த வேர்லயே நிக்கி.

இதுல கொடுமை என்னன்னா பூச்சி விட்டு வச்சத மனுசன் வெட்டுனான். 1980கள்ல ஒயின் விக்கலைன்னு அங்க அரசாங்கமே காசு குடுத்துக் கொடியைப் பிடுங்கச் சொல்லிச்சு, அதுல எத்தனையோ பழைய கிரெனாஷ் போயிருச்சு, இப்ப மிஞ்சுனதுக்குத்தான் இந்த மவுசு. நம்ம பனையைச் சூளைக்கு லோடு லோடா ஏத்திவிட்டுட்டு, 2021ல கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு சொல்ல வேண்டி வந்துச்சே, அதே கதைதான்.

இப்ப அத்தான் விஷயத்துக்கு வாரேன். 2013ல பிரான்ஸுல மார்சேய் துறைமுகத்துல இருந்து ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தேன், கஸ்டம்ஸ்ல 2 லிட்டர் வரைக்கும் வரி இல்ல, ஒரு பாட்டில் 750 மில்லி, கணக்குக்குள்ள அடங்கிருச்சு. ஷாத்தோநெஃப் டு பாப்னு ஊரு, போப்பாண்டவரோட புதுக் கோட்டைன்னு அர்த்தம், 14ஆம் நூற்றாண்டுல போப்பாண்டவருங்க ரோமை விட்டு அவிஞோன்ல இருந்த காலத்தை வச்சு வந்த பேரு. அங்க 13 ரகம் திராட்சைக்கு அனுமதி உண்டு, ஆனா கிரெனாஷ்தான் அண்ணன். ரெண்டு பாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே 2010 அறுவடை, லேபிள்ல பழைய கொடின்னு பிரெஞ்சுல போட்டிருந்துச்சு. ஒண்ணை எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல காய்கறி டிரேக்கு அடியில உங்க பேப்பர்லயே சுத்திப் படுக்கப் போட்டேன், இன்னொண்ணைப் பாளையங்கோட்டையில அக்கா வீட்டுக்குக் குடுத்தேன். அந்த ஊரு பாட்டில்ல கண்ணாடியிலயே போப்பாண்டவர் கிரீடமும் குறுக்க ரெண்டு சாவியும் புடைப்பா இருக்கும், அக்கா தடவிப் பாத்துட்டு "ஏல, இது ராயப்பர் சாவிலா"ன்னு, அதாவது பேதுரு கையில இருக்கிற மோட்சத்துச் சாவின்னு, முத்தம் குடுத்து ஹால் ஷோகேஸ்ல மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல நட்டமா நிறுத்திட்டா. மேற்கு பாத்த சுவரு. தலைக்கு மேல ராத்திரி பகலா சீரியல் பல்பு. சித்திரை வெயில்ல அந்த ஹால் என்ன சூடு இருக்கும்னு பாளையங்கோட்டைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ஆறு வருஷம். நான் வரும்போதெல்லாம் அத எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு சொல்லுவேன், அத்தான் "என்னவே, ஒயினு பழசானாத்தான் நல்லதுன்னு ஊரே சொல்லுதாவ, நீரு மட்டும் புதுசா கண்டுபிடிச்சுட்டு வந்துட்டீராக்கும்"னு சிரிப்பாரு. 2019 கிறிஸ்மஸ்க்கு மறுநாள் ரெண்டையும் ஒரே மேசையில வச்சுத் தொறந்தோம்.

ஷோகேஸ் பாட்டில்ல மேல சுத்தியிருந்த தகரத் தாளை உரிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கார்க் கழுத்துக்கு மேல ஒரு நூல் எழும்பி நிக்கி, ஓரத்துல செகப்பா காய்ஞ்சு பாகு மாதிரி பிசுபிசுன்னு ஒட்டுது. சூட்டுல உள்ள இருக்கிறது விரிஞ்சு கார்க்கைத் தள்ளிருச்சு, அந்தச் சந்துல காத்துப் போயிருச்சு. ஊத்துனா டிக்காஷனும் இல்லாம துருவும் இல்லாம ஒரு நெறம். வாசம் அடிபிடிச்ச ஜாம் மாதிரி, உள்ளுக்குள்ள புளிச்ச காடி. அத்தான் ஒரு வாய் குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது வாய் குடிக்கவும் இல்ல.

பொறவு ஃப்ரிட்ஜ் பாட்டில். முந்தின நாளே நிமித்தி வச்சிருந்தேன், கசடு அடியில தங்கணும்னு. கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தக் கூடாது, வாசம் சுத்துறதுக்கு எடம் வேணும். வெள்ளைத் தாளுக்கு மேல சாய்ச்சுப் பாத்தா நடுவுல மாதுளைச் சாறு நெறம், ஓரத்துல மட்டும் செங்கல் கலர் எட்டிப் பாக்கு, வயசு ஏறுனதுக்கு அதான் அடையாளம். அக்கா உடனே "தண்ணி கலந்துருக்கான்"னா. கிரெனாஷுக்குத் தோல் மெல்லிசு, நெறம் எப்பவும் தூக்கலா இருக்காது, நெறத்தை வச்சு இத எடை போட்டா ஏமாந்துதான் போகணும். மொதல்ல ஆட்டாம மோந்து பாக்கணும், பொறவு ஒரு சுத்து சுத்தி மறுபடி. ஸ்ட்ராபெரி வாசம் காய்ஞ்ச மாதிரி ஒண்ணு, அதுக்குப் பின்னால வெள்ளை மிளகு, காய்ஞ்ச துளசி, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு புதுத் தோல் செருப்பும் அத்திப்பழமும். வாயில வச்சா பட்டு மாதிரி போகுது, துவர்ப்பு நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி லேசாப் பிடிச்சு விட்டுருது, விழுங்குன பொறவுதான் தொண்டையில சூடு தெரியும், ஏன்னா இந்த ரகம் இனிப்பு ரொம்ப ஏறுன பொறவு பறிக்கிறது, ஆல்கஹால் 14, 15 சதவீதத்துக்கு வந்துரும். அத்தான் ரொம்ப நேரம் கிளாஸையே பாத்துட்டு "இதுவும் அதுவும் ஒண்ணாவே?"ன்னு கேட்டாரு.

ஒண்ணுதான். வச்ச எடம்தான் வேற.

ஒயினுக்கு 12, 13 டிகிரி சூடு, இருட்டு, ஆட்டம் இல்லாத எடம் வேணும், கார்க் போட்டதுன்னா படுக்க வைக்கணும், இல்லன்னா கார்க் காய்ஞ்சு சுருங்கிரும். ஃப்ரிட்ஜ் அதுக்கு ரொம்பக் குளிரு, கார்க்கைக் காய வைக்கும், அது ஒண்ணும் சரியான எடம் இல்ல, ஆனாலும் நம்ம ஊரு ஹாலுக்கு அது ஆயிரம் மடங்கு தேவலாம். அதுலயும் கிரெனாஷ் காத்துப் பட்டா சீக்கிரம் கெட்டுப்போற ரகம், அதான் செய்யிறவங்களே புதுச் சின்னப் பீப்பாயில போடாம பெரிய பழைய பீப்பாய் இல்லன்னா சிமெண்ட் தொட்டியில வைக்கிறதுண்டு. கடையில கிடைக்கிற கிரெனாஷ் பாதிக்கு மேல அஞ்சாறு வருஷத்துக்குள்ள குடிச்சு முடிக்க வேண்டியது, நல்ல எடத்துப் பழைய கொடிச் சரக்குதான் 15, 20 வருஷம் தாங்கும். கருப்பட்டி மாதிரிதான் அண்ணாச்சி, பதம் சரியா காய்ச்சுன கருப்பட்டியைப் பரண்ல போட்டா வருஷம் போகப் போக மருந்து, பதம் தப்புனது ஐப்பசி மழைக்கே கசிஞ்சு பெட்டியோட போயிரும். நம்ம வீடுகள்ல கிறிஸ்மஸ்க்குச் சீனியும் கிராம்பும் போட்டு ஜாடியில ஊற வைக்கோமே, அதையும் பத்து வருஷம் வைக்கலாமான்னு கேட்டு போன் பண்ணாதீங்க, பொங்கலுக்குள்ள குடிச்சிருங்க.

பிரான்ஸுல மோரி, பன்யூல்ஸ்னு ரெண்டு ஊர்ல இதே கிரெனாஷை கண்ணாடிக் குடுவையில ஊத்தி வேணும்னே வெயில்ல வைப்பாங்க, மாசக்கணக்கா. அது இனிப்பு ஒயின், சாறு பாதி நொதிச்சுப் பொங்கும்போதே ஸ்பிரிட் சேத்து நிறுத்துனது, அதனால தாங்குது. இத அத்தான்கிட்ட இன்னும் சொல்லல, சொன்னா ஷோகேஸுக்கு அதான் ஆதாரம்னு பிடிச்சுக்கிடுவாரு.

இன்னொண்ணு, உங்க கட்டுரையில ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு இருந்துச்சு. அது ஐரோப்பாவுல கல்லு வீட்டு ரூம், 16, 17 டிகிரி. நம்ம ரூம்ல 34 டிகிரியில இந்தப் 15 சதவீதத்தைக் குடிச்சா ஸ்பிரிட் நெடிதான் மூக்குல ஏறும், பழ வாசம் ஒண்ணும் வராது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க.

ஞாயித்துக்கிழமை ஒரு திருத்தம் போட்டீங்கன்னா புண்ணியமா போகும், சின்ன எழுத்துல போட்டாலும் சரி, அத்தான் கண்ணாடி போட்டுப் படிச்சுருவாரு. அடுத்த மாசம் அக்கா மகன் அடிலெய்டுல இருந்து லீவுக்கு வாரான், பரோஸா கிரெனாஷ் ரெண்டு பாட்டில் கொண்டாரானாம். ஷோகேஸ்ல அந்த எடத்துல அந்தோணியார் சுரூபம் ஒண்ணு வாங்கி வச்சாச்சுன்னு அக்கா போன்ல சொன்னா.

இப்படிக்கு,
திசையன்விளை பக்கத்து வாசகன்