போகலாம், ரைட்!

அன்புள்ள பாப்பா,

உன் பக்கத்தை நான் தினமும் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. மாடி வீட்டுப் பையன்தான் என் போனில் வைத்துக் கொடுத்தான். லைக் போடத் தெரியாததால் போடவில்லை, பிடிக்காமல் இல்லை.

தம்பியின் ஆட்டிசத்தைப் பற்றி நீ எழுத ஆரம்பித்தபோது, வீட்டு விஷயம் வீதிக்கு எதற்கு என்று அம்மாவிடம் முணுமுணுத்தேன். ஊசி பற்றி நீ எழுதிய அன்று என் வாய் அடைத்துப்போனது. அவனுக்கு எம்.எம்.ஆர். ஊசி, அதுதான் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான தடுப்பூசி, அதைப் போட்டதால்தான் ஆட்டிசம் வந்ததோ என்று இருபது வருடம் உள்ளுக்குள் புழுங்கியவள் அம்மா. 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டர் கிளப்பிவிட்ட சந்தேகம் அது, 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் உலை வைத்தாள். அன்றிரவு குறட்டை விட்டுத் தூங்கினாள்.

இனிமேல் சண்டை.

ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று சொல்லி, சித்தப்பா வீட்டுக் கல்யாண வரவேற்பில் எடுத்த வீடியோவைப் போட்டிருக்கிறாய். தம்பி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். ‘இது அடம் அல்ல, சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் வரும் நிலைகுலைவு’ என்று கீழே எழுதியிருக்கிறாய். எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வீடியோவைச் சத்தம் கூட்டி ஆரம்பத்திலிருந்து நீ கேட்டாயா? அலறுவதற்கு முன்னால், பாட்டுக் கச்சேரிக்கு நடுவே, அவன் குரல் நான்கு முறை கேட்கிறது: “போகலாம், ரைட்!”

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி-யில் கண்டக்டராக எத்தனை ஆயிரம் தடவை நான் சொன்ன வார்த்தை அது! கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கிளிப்பிள்ளை இல்லை. முடிவெட்டும் கடையிலும் பல் டாக்டரிடமும் அவன் அதையே சொல்வான். இங்கே என்னால் இருக்க முடியவில்லை, கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். நான்கு முறை கேட்டிருக்கிறான். நான் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தேன். நீ போனைப் பிடித்திருந்தாய். உலகத்துக்குக் காட்ட வேண்டியது அந்த நான்கு முறையைத்தானே, அதற்குப் பிறகு நடந்ததை ஏன் காட்டினாய்?

முனை டீக்கடைக்காரர் நேற்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “தம்பி இப்படித்தான் அடிக்கடி கத்துவாரா சார்?” என்று கேட்டார். இத்தனை வருடமாக அவனுக்குப் பன் எடுத்துக் கொடுத்த மனிதர். இப்போது கொஞ்சம் தள்ளி நின்று நீட்டுகிறார். அவன் இருபத்திரண்டு வயது ஆள், பாப்பா. மீசை வைத்திருக்கிறான்.

அவனுக்குப் பதினெட்டு முடிந்ததும் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாக நடந்து, ஆட்டிசம் போன்ற நிலை உள்ளவர்களுக்கான 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் சான்று வாங்கினோமே, நினைவிருக்கிறதா? அதில் காப்பாளர் என்று என் பெயர்தான் இருக்கிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன் அழுகையை ஊருக்குக் காட்ட எனக்கே உரிமை உண்டா என்று யோசிக்கிறேன்.

நேற்று ராத்திரி அந்த வீடியோவை அவனிடமே காட்டினேன். மூன்று விநாடி பார்த்தான். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். அதோடு விடவில்லை, தண்ணீர்ச் சொம்பை எடுத்து அதன்மேல் வைத்தான். வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? தயவுசெய்து எடுத்துவிடு. பக்கத்தை நிறுத்தாதே. நீ நிறுத்தினால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.

பிறகு இன்னொரு படம் காட்டினேன். என் பழைய டிக்கெட் கட்டுகளை அவன் திண்ணையில் விலைவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறான். முகம் பாதிதான் தெரியும், கை நன்றாகத் தெரியும். “அக்கா பக்கத்தில் போடலாமா?” என்று கேட்டேன். படத்தின்மேல் விரலை வைத்து, “டிக்கெட், டிக்கெட்” என்றான். அது சம்மதமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. போனைக் கவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். படத்தை அனுப்பியிருக்கிறேன். போடுவதற்கு முன் நீயும் வீடியோ காலில் அவனிடம் ஒருமுறை கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா