என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?

அருப்புக்கோட்டை,
18.11.2025

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து முடியும்வரை படிக்காதே, எழுதாதே என்று மகள் பேனாவையே ஒளித்துவைத்துவிட்டாள். நேற்றுதான் கைக்கு வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் கையெழுத்து எவ்வளவு மோசம் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். உன் தங்கச்சி மகள் பெங்களூரில் ஒரு பெண்ணோடு ஆறு வருஷமாக இருக்கிறாள், அது ரூம்மேட் சமாச்சாரம் இல்லை என்று அவளே அம்மாவிடம் சொல்லிவிட்டாள், தங்கச்சி மூன்று நாள் சாப்பிடவில்லை, மாப்பிள்ளை மகளோடு பேசுவதில்லை. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தினவன்டா நான். எனக்கே ஏன் இது தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேங்குது?"

எனக்கும் சட்டென்று இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கண்ணை மூடிப் படுத்திருந்த இந்தப் பத்து நாளும் வேறு வேலை இல்லாததால் யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஞாபகத்துக்கு வந்தது எங்க அப்பா அம்மா கல்யாணம்தான்.

உனக்குத் தெரியுமே, அவர்களுடையது சுயமரியாதைத் திருமணம். 1954. நம்ம ஊருக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் முதன்முதலாக நடத்திவைத்த அதே முறை. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றினார்கள், உறுதிமொழி சொன்னார்கள், முடிந்தது. முந்தின வருஷம்தான் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் செய்தார். 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டசபையில் திருத்தம் நிறைவேறி, 68 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கால் கிலோ அல்வாவோடு வந்து, "இன்னையோட உங்க அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆயிருச்சுடா" என்றார். அப்பத்தா திண்ணையிலிருந்து, "சட்டம் வந்துச்சு சரி, மந்திரம் வரலையே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை இடித்தாள். அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அப்பத்தா சாகும்வரை எந்த வீட்டுக் கல்யாணத்திலும் முகூர்த்தக்கால் ஊன்றும்போது அம்மாவை முன்னால் விட்டதில்லை. யோசித்துப் பார். ஆணும் பெண்ணும்தான். ஒரே சாதி. சொந்தத்திலேயே பெண்ணெடுத்தது. ஐயரை மட்டும் கழித்தார்கள். சட்டம் வருவதற்கே 39 வருஷம் ஆனது. சட்டம் வந்த பிறகும் அப்பத்தாவை அசைக்க முடியவில்லை. இப்போது ஐயர், மந்திரம், தாலி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கழித்தால் ஊர் என்ன பாடு படும்!

நம் ஆட்களுக்குக் கல்யாணம் இரண்டு பேர் விஷயமாக இருந்ததே இல்லை. பத்திரிகையை எடுத்துப் பார். மணமக்கள் பெயர் நடுவில் இரண்டு வரி. சுற்றிலும் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று ஒரு பட்டாளம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை, ஒரு செய்முறை. யார் சீர்த்தட்டு எடுப்பது, யார் பந்தியில் நிற்பது, மொய் நோட்டில் யார் பக்கம் யார் எழுதுவது, எல்லாமே இவன் மாப்பிள்ளை இவள் பெண் என்ற பிரிப்பிலிருந்துதான் கிளம்புகிறது. இரண்டு பக்கமும் பெண் என்றால் சம்பந்தி யார்? வரிசை யார் வைப்பது? உன் தங்கச்சி மூன்று நாள் பட்டினி கிடந்தது மகள் மேல் உள்ள கோபத்தால் மட்டும் இருக்காது. முப்பது வருஷமாக ஊரெல்லாம் எழுதிய மொய் எப்படித் திரும்பும் என்ற கவலையும் அதில் கலந்திருக்கும். சிரிக்காதே, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீயே தாய்மாமன். அவள் பிறந்ததிலிருந்து மாமன் சீருக்குக் காத்திருப்பவன். உன் தொண்டையில் நிற்பது உயிரியல் இல்லை, அந்தச் சீர்த்தட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் இந்தச் சொல். பத்திரிகைகளில் வெகுகாலம் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதினார்கள். இப்போதும் எழுதுகிறார்கள். அதில் ஆள் எங்கே இருக்கிறார்? சேர்க்கை மட்டும்தான் இருக்கிறது. மற்றக் கல்யாணத்தில் முதலிரவுக்குப் பால் சொம்பு, பழத்தட்டு, பூ என்று ஊரே சேர்ந்து ஜோடித்து அனுப்பினாலும் யாரும் அதையே நினைத்துக்கொண்டிருப்பதில்லை. இதில் மட்டும் சொல் நேரே படுக்கையறைக் கதவைத் திறந்துவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' என்று இப்போது சிலர் எழுதுவது கொஞ்சம் தேவலை. ஈர்ப்பு என்றாலாவது மனசு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு பேர். இருபத்தைந்து வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஊருக்கே தெரியும். 'கூட்டாளிங்க' என்பார்கள். கோவில் கொடைக்கு வரி ஒரே தலைக்கட்டாக வாங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. நம் ஊர்கள் மோசமே இல்லை என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அதில் பெரியவர் 1998-ல் திடீரென்று போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் மகன்கள் வாரிசுச் சான்றிதழோடு வந்து கடையையும் வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்து, "எனக்கு ஏதாவது பத்திரம் உண்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பெரியவர் உயிரோடு இருந்தபோது ஒரு உயில் எழுதியிருந்தால் போதும். வெள்ளைத்தாள், இரண்டு சாட்சி. பதிவுகூடக் கட்டாயமில்லை. இது எனக்குத் தெரியும், தினமும் அவர்கள் கடையைத் தாண்டித்தான் ஆபீஸ் போனேன். சொல்லவில்லை. சொன்னால் 'உங்கள் விஷயம் எனக்குத் தெரியும்' என்று வாயால் ஒத்துக்கொண்டதாகிவிடுமே. எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லக்கூடாது. அந்த மரியாதையில்தான் அந்த மனுஷன் நடுத்தெருவுக்கு வந்தார். ஊர் சகித்துக்கொள்வது வேறு, பெயர் சொல்லி எழுதிக்கொடுப்பது வேறு. கல்யாணம் என்பது இரண்டாவது. எதிர்ப்பெல்லாம் அங்கேதான் கிளம்புகிறது.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று உன் தங்கச்சி அழுததாக எழுதியிருந்தாய். 2023-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் எடுத்த கணக்கில், தன்பால் திருமணத்தைச் சட்டம் ஏற்கலாம் என்றவர்கள் 100-க்கு 53 பேர், கூடாது என்றவர்கள் 43. நான் நம்பவில்லை, இருமுறை படித்தேன். அந்த 53 பேரும் எங்கே இருக்கிறார்கள்? நம் தெருவில் ஒருத்தரும் இல்லையே! ஆய்வுக்காரரிடம் சரி என்று சொன்னவரே தன் வீட்டில் என்று வரும்போது என்ன சொல்வார் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த நாலு பேரில் இரண்டு பேருக்குச் சம்மதம் இருக்கலாம். ஆனால் ஒவ்வொருத்தரும் மற்ற மூன்று பேரை நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அந்த நாலு பேரில் இரண்டு பேர்தானே.

அமெரிக்காவில் 1996-ல் 100-க்கு 27 பேர்தான் ஆதரித்தார்கள். இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறது. காரணம் பல சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே பிள்ளைகள் வீட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். தைவானில் 2017-ல் நீதிமன்றம் சரி என்றது, 2018-ல் மக்களைக் கேட்டால் வேண்டாம் என்றார்கள், 2019-ல் ஆனாலும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஆதரவு ஏறிக்கொண்டே போனது. நடந்து பார்த்தால் பயம் போகும் போல. இங்கே சொல்லவும் முடியாமல் பதியவும் முடியாமல் நிற்கிறது. தன்பால் உறவைக் குற்றம் என்ற 377-ஆவது சட்டப்பிரிவை 2018-ல் தளர்த்திய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் கல்யாணம் அடிப்படை உரிமை இல்லை, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டது. இது நகரத்து மேட்டுக்குடியின் பார்வை என்று மத்திய அரசு வாதாடியது. சைக்கிள் கடைக்காரர்கள் மேட்டுக்குடி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருஷம் அதே அரசு, ரேஷன் கார்டுக்கு இவர்களை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. அரிசிக்குக் குடும்பம், ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு அந்நியர்.

எனக்குப் பிடித்தது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம். 2021-ல், மதுரையிலிருந்து போன இரண்டு பெண்கள் வழக்கில், எனக்கே இது சரியாகப் புரியவில்லை, மனசிலிருந்து தீர்ப்பு வரவேண்டும் என்றால் நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். முப்பது வருஷ வாத்தியார் நீ. ஒரு பீரியடு மாணவனாக உட்கார உனக்கென்ன?

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வருஷம் மே மாதம் அதே நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், குடும்பம் என்று அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லி, தன் தோழியோடு இருக்க விரும்பிய 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தாலேயே ஒரு அம்மாவை ஒரே நாளில் மாற்ற முடியவில்லை. உன் தங்கச்சியை ஒரு மாசத்தில் மாறச் சொல்லி நெருக்காதே. நீ போய்ப் பக்கத்தில் உட்கார். அவளுக்கு நாலு பேரில் ஒருத்தர் குறைவார்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, மருமகளையும் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே முழுதும் கேட்டாள். ஏதாவது திட்டுவாள் என்று பார்த்தால், "அந்தப் பிள்ளையை அண்ணன் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாராம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தங்கச்சி மக மருமக. மருமகளைக் கட்டுறவன் மகன் முறை. இது பொம்பளப்பிள்ளை. அப்ப மகள்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை கவுச்சி சாப்பிடுமா என்று கேட்கச் சொன்னாள். பதிலில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜாமணி

பி.கு.: உன் முட்டி வலிக்கு எண்ணெய் கேட்டாயே, அதை நேரில் தருகிறேன். போன தடவை தபாலில் அனுப்பியது கொட்டி, பக்கத்திலிருந்த கடிதமெல்லாம் நனைந்துவிட்டதாகத் தபால்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.