கடலோரம் குடிபோகும் முன் ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுக் கடற்கரை ஊர்களில் குடியேறுவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை, விசா, இணைய வேகம், விமான வசதி எல்லாம் எழுதியிருந்தார்கள், படங்களும் அழகாக இருந்தன. ஆனால் "சுத்தமான கடற்கரை" என்ற சொல் அதில் ஆறேழு இடத்தில் வருகிறது, எதை வைத்துச் சுத்தம் என்கிறார்கள் என்று ஓரிடத்தில்கூட இல்லை. இதே மாதிரி ஒரு பட்டியலை நம்பித்தான் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓர் ஊரில் போய் இறங்கினோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் முழுவதையும் போடுங்கள்.

நாங்கள் போனது வெயில் காலம். மூன்றாவது மாடி வீடு, பால்கனியில் நின்றால் கடல். விடியற்காலை ஐந்து மணிக்கே ஒரு டிராக்டர் வந்து மணலைச் சலித்துக் குப்பையை அள்ளிக்கொண்டு போய்விடும், நாங்கள் இறங்கும்போது மணல் சீப்பால் வாரிவிட்டதுபோல் கோடு கோடாக இருக்கும். ஐந்து மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் முதல் பெருமழை. மறுநாள் காலை பளீரென்று வெயில் அடித்தது, பிள்ளைகள் வழக்கம்போல் தண்ணீருக்குள் ஓடிவிட்டார்கள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு சிமென்ட் வடிகால் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது, அதற்கு முன்னால் எப்போதும் மணல் மேடாகக் குவிந்து கிடந்ததால் நான் அதை ஏதோ பழைய சுவர் என்றே நினைத்திருந்தேன். இரவு பெய்த மழையில் அந்த மேடு உடைந்து, கறுப்பாக ஓர் ஓடை நேரே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த இடத்துக்கும் அதற்கும் இருநூறு அடிகூட இருக்காது. கிட்டே போனால் சோப்பு வாடையும் மலவாடையும் சேர்ந்து குடலைப் புரட்டியது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மழை பெய்தால் நாங்கள் மூன்று நாளைக்கு இந்தப் பக்கம் இறங்கவே மாட்டோமே, உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. தரகரும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

மகளுக்குக் காதில் சீழ் வைத்தது, மகனுக்கு இரண்டு நாள் வாந்தி. கடலில் குளித்தீர்களா என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பிறகுதான் நான் துருவித் துருவி விசாரித்தேன், அந்த ஊரில் பாதி வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பே கிடையாது என்று தெரிந்தது. எங்கள் குடியிருப்பின் செப்டிக் டேங்க் நிரம்பினால் வழிகிற குழாயை மழைநீர் வடிகாலில்தான் சொருகி வைத்திருந்தார்கள். அதாவது ஐந்து மாதமாக எங்கள் வீட்டுக் கழிவும் அந்த மணல்மேட்டுக்குப் பின்னால்தான் சேர்ந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். கடற்கரை சுத்தமா இல்லையா என்பதை மணல் சொல்லாது, ஊரின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதுதான் சொல்லும். மணலை ஒரு டிராக்டரும் நாலு ஆட்களும் தினமும் அழகாக வைத்துக்கொள்ளலாம், தண்ணீரை அப்படிச் செய்ய முடியாது.

தண்ணீருக்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பெரும்பாலும் எண்ணுவது இரண்டு பாக்டீரியாக்களைத்தான், ஈ.கோலை ஒன்று, குடலில் வாழும் என்டரோகாக்கை இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த குளியல்நீர்ச் சட்டத்தின்படி ஒரு கடற்கரை "மிகச் சிறப்பு" என்ற தரம் பெற 100 மில்லி லிட்டர் தண்ணீரில் என்டரோகாக்கை 100-க்கும் ஈ.கோலை 250-க்கும் மேல் போகக் கூடாது, அதுவும் ஒருநாள் அளந்து அல்ல, பெரும்பாலும் நான்கு வருடக் குளியல் பருவங்களின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு. அதற்குக் கீழே நல்லது, போதுமானது, மோசம் என்று மூன்று தரம். ஒவ்வொரு கடற்கரையின் தரமும் வருடாவருடம் வரைபடத்தோடு வெளியாகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சைப்ரஸ், கிரீஸ், குரோஷியா மாதிரியான நாடுகள் அதில் தொடர்ந்து மேலே நிற்கின்றன. வீடு தேடுகிறவர்கள் வாடகையைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆனால் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சோதனையெல்லாம் பெரும்பாலும் குளிக்கிற பருவத்தில்தான் நடக்கிறது. இங்கிலாந்தில் வழக்கமாக மே 15 முதல் செப்டம்பர் 30 வரைதான் அந்தப் பருவம், வருடம் முழுக்க அங்கேயே குடியிருக்கிறவருக்கு மீதி ஏழரை மாதத்துக்கு அந்த எண் பேசாது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்து எண்ணுவதற்கு ஏறக்குறைய ஒருநாள் ஆகிவிடும், ஆகவே இன்று நாம் படிக்கிற எண் இன்றைய தண்ணீரின் எண் அல்ல. அப்புறம் மழை. பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான், பெருமழையில் சுத்திகரிப்பு நிலையம் தாங்காது என்பதால் அந்தக் குழாயை அப்படியே ஆற்றிலோ கடலிலோ திறந்துவிடுகிற மாதிரிதான் கட்டியே வைத்திருக்கிறார்கள். குழாய்கள் தனித்தனியாக இருந்தாலும் தெருவில் கிடக்கும் அத்தனையையும் மழை அடித்துக்கொண்டு வரும். கலிபோர்னியாவில் மழைக்குப் பிறகு 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொல்கிறது. வலையைப் பிரித்துக்கொண்டே பெரியவர் சொன்னதும் அதே மூன்று நாள்தான்!

நல்ல கடற்கரை என்று சான்றாகக் கொடுக்கும் நீலக்கொடி பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் அது ஏதோ கடைசித் தீர்ப்பு மாதிரி வந்திருந்தது. 1985-இல் பிரான்ஸில் தொடங்கி, 1987-இல் ஐரோப்பா முழுக்கப் பரவி, இன்று உலகம் முழுவதும் கொடுக்கப்படுகிறது. நல்ல திட்டம்தான், தண்ணீர் உயர்ந்த தரத்தில் இருந்தால்தான் கொடி கிடைக்கும், கழிப்பறை, உயிர்காப்பாளர், குப்பை அகற்றல் என்று முப்பதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் ஊர்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு பருவத்துக்குத்தான் கொடி. விண்ணப்பிக்காத ஊரில் கொடி இருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும். நான் பார்த்ததிலேயே மிகத் தெளிவான கடல் ஒன்று, கொடியும் இல்லாமல் கடையும் இல்லாமல் கிடந்த ஒரு கூழாங்கல் கரைதான்.

பணக்கார நாடு, பேர்போன கடற்கரை என்றால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சான் டியாகோவுக்குத் தெற்கே இம்பீரியல் பீச் என்ற ஊர் இருக்கிறது, மெக்ஸிகோ எல்லைக்கு அப்பாலிருந்து டிஹுவானா ஆறு கொண்டுவந்து கொட்டும் சாக்கடையால் அந்த ஊர்க் கடலோரம் தொடர்ந்து ஆயிரம் நாளுக்கும் மேல் மூடிக் கிடந்தது. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவை எடுத்துக்கொள்ளுங்கள், வெண்மணலுக்குப் பேர்போன இடம், விடுதிகள் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர்க் குழாய்களில் விட்டு, கடைசியில் 2018 ஏப்ரல் 26 அன்று அரசு தீவையே ஆறு மாதம் மூடிவிட்டது. திறந்தபோது ஒரு நாளைக்கு 6,405 சுற்றுலாப் பயணிகள்தான் வரலாம் என்று வரம்பு வைத்தார்கள். மூடுவதற்கு முந்தைய வருடம் எடுத்த படங்களில்கூட மணல் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

பருவம் என்பது இன்னொரு பெரிய விஷயம். பாலியின் கூட்டா கடற்கரையை ஜூலையில் பார்த்து முடிவு செய்தவர், டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் காற்று கடலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து குவிப்பதைப் பார்க்க மாட்டார். கரீபியன் பக்கம் 2011-லிருந்து சர்காஸம் என்ற கடற்பாசி வெயில் மாதங்களில் கும்பல் கும்பலாக ஒதுங்குகிறது. மெக்ஸிகோவின் டுலும், பிளாயா டெல் கார்மென் எல்லாம் இதில் அடக்கம். அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வந்து அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், மூச்சு முட்டும், வீட்டில் இருக்கும் மின்சாதனங்கள்கூட அரித்துப்போகும். இதற்கு நேர்மாறாக, மத்தியதரைக் கடலோரத்தில் பழுப்பாகக் காய்ந்த இலைகள் மெத்தை மெத்தையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அழுக்குக் கடற்கரை என்று முகம் சுளிக்கிறார்கள். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் இலை. தண்ணீர் தெளிவாக இருந்து வெளிச்சம் உள்ளே இறங்குகிற இடத்தில்தான் அந்தப் புல் வளரும், ஒதுங்கிய இலைகள் மணல் அரிக்காமல் காக்கின்றன. அதை வாரி எடுத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் கரையைவிட, இலை கிடக்கும் கரைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

இரண்டாவது முறை ஊர் தேடியபோது நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் செயற்கைக்கோள் படத்தில் பழைய வருடங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தோம், ஆற்று முகத்துவாரம் எங்கே இருக்கிறது, மழைக்காலப் படத்தில் பழுப்பு நீர் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்று. ஆற்று வாய்க்குப் பக்கமும், மூன்று பக்கமும் அடைத்த குடாவுக்குள்ளும் வீடு வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம், அடைத்த குடாவில் தண்ணீர் மாறுவதற்கு நேரம் எடுக்கும். நகராட்சி அலுவலகத்தில் போய்க் கழிவுநீர் எங்கே சுத்திகரிக்கப்படுகிறது, எந்த அளவுக்கு, வெளியேற்றும் குழாய் கடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டோம். ஓர் ஊரில் அந்த அலுவலர் எழுந்து போய் வரைபடத்தையே கொண்டுவந்து மேசையில் விரித்துக் காட்டினார், இன்னோர் ஊரில் இது எதற்கு உங்களுக்கு என்று கேட்டார்கள். இரண்டும் நமக்குத் தேவையான பதில்தான்.

அப்புறம் நடை. கடல் ஏறி இறங்கியபின் பாசியும் குச்சியுமாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும் பாருங்கள், அந்தக் கோட்டோரமாகக் குனிந்து கால் மணி நேரம் நடந்தால் போதும். பாட்டிலும் பையும் எங்கிருந்தோ மிதந்து வந்திருக்கலாம். ஆனால் காது குடையும் பஞ்சுக் குச்சியின் பிளாஸ்டிக் தண்டும் ஈரத் துடைப்பான் துணியும் கிடந்தால் அது யாரோ கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது, குழாய் வழியாக வந்தது. முதல் ஊரில் அந்த வெள்ளை, நீலத் தண்டுகளை என் பிள்ளைகள் பொறுக்கி மணல் வீட்டுக்கு வேலி நட்டிருக்கிறார்கள். அதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை செய்து பாருங்கள். வருடத்திலேயே மோசமான வாரத்தில் ஓர் ஊர் எப்படி இருக்கிறதோ, அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் முன்பணம் கொடுங்கள். முதலில் மூன்று மாதம் வாடகைக்கு இருங்கள், வாங்கும் பேச்சே எடுக்காதீர்கள். கடலோர நிலத்துக்குச் சட்டமும் தனி. மெக்ஸிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் வீடு வைத்துக்கொள்ள வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் முடியும். கோஸ்டா ரிகாவில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து, முதல் 50 மீட்டர் பொது இடம், அடுத்த 150 மீட்டர் பெரும்பாலும் அரசு குத்தகை உரிமமாகக் கொடுப்பது. ஸ்பெயினில் 1988 கடற்கரைச் சட்டம் வந்தபின் சொந்தம் என்று வாங்கிய வீடு பொதுக்கரையில் நிற்கிறது என்று தெரிந்து தவித்தவர்கள் நிறைய. அங்கங்கே உள்ள வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்து வேண்டாம், சரி, அதோடு அந்தப் பேச்சை விடுகிறேன்.

இன்னொன்று, இது குடியேறப் போகிற நம்மைப் பற்றியது. ஊர் சின்னதாக இருக்கும்போது அதன் குழாய்கள் அந்த ஊர்க்காரர்களின் கணக்குக்குப் போட்டவை. நாம் பட்டியலைப் பார்த்து ஆயிரக்கணக்கில் போய் இறங்கும்போது அடுக்குமாடி முளைக்கிறது, குழாய் முளைப்பதில்லை. அதனால் வீட்டுக்காரரிடம் கடல் தெரியுமா என்று கேட்பதோடு, செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுத்தீர்கள், அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். முகம் கோணுவார், பரவாயில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். இனி இப்படிப்பட்ட பட்டியல் போடும்போது ஒவ்வோர் ஊருக்கும் கீழே இரண்டு வரி சேருங்கள், தண்ணீர்ச் சோதனை முடிவு வெளியிடுகிறார்களா, கழிவுநீர் எங்கே போகிறது என்று. தகவல் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே போடுங்கள், படிக்கிறவர் அதிலேயே பாதி புரிந்துகொள்வார்.

இப்போது நாங்கள் இருக்கும் ஊர் உங்கள் பட்டியலில் இல்லை, வரவும் வராது என்று நினைக்கிறேன். மணல் கரடுமுரடு, நிழலுக்கு ஒரு மரமும் கிடையாது. ஆனால் கரைக்கு இறங்கும் படியில் ஒரு பலகை இருக்கிறது, கடைசிச் சோதனையின் தேதியையும் எண்ணையும் அதில் எழுதி வைக்கிறார்கள், மழை பெய்தால் அதன் மேல் சிவப்பு அட்டை தொங்கும். நேற்று என்டரோகாக்கை 12 என்று இருந்தது. மகள் அதைப் படித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

இப்படிக்கு,
கடலோரம் குடியிருக்கும் ஒரு வாசகி