ராக்கிலிருந்து ரெகே: கவர் (பிறர் பாட்டை நம் பாணியில் வாசித்த பதிவு) அனுப்புவோர் கவனத்துக்கு

வணக்கம். ராக் பாட்டை ரெகே என்ற ஜமைக்கா இசைப்பாணிக்கு மாற்றும்போது முதலில் மாற்ற வேண்டியது டிரம்ஸ். நான்கு தட்டு கொண்ட சுற்றில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முதல் தட்டான 1-இல் விழுந்தால், பெரும்பாலும் ராக் போலவே கேட்கும். 140–150 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு) எண்ணி, 1-ஐக் காலியாக விடுங்கள். கிக்கும் ஸ்நேரும் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) 3-இல் சேர்ந்து விழட்டும். கிடார் 2, 4-இல் மட்டும். அடித்த கையோடு இடது கை விரல்களைத் தளர்த்துங்கள். அழுத்தியே வைத்திருந்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இழுபட்டு பாஸ் கிடாரின் இடத்தை அடைத்துவிடும். டிஸ்டார்ஷன் (கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) வேண்டவே வேண்டாம்.

பாடுபவர் மாறினால் சுருதியை வாசிக்கும்போதே மாற்றுங்கள். பதிவான குரலை மென்பொருளில் 3 செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றினால் பொம்மை பேசுவதுபோல் இருக்கும்.

குரலே இல்லாமலும் வரலாம்: 1996-இல் அபோகலிப்டிகா என்ற பின்லாந்து குழுவினர் நான்கு செலோக்களில் (பெரிய வயலின் போன்ற கருவி) மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாடல்களை வாசித்தே ஒரு ஆல்பம் போட்டார்கள்.

கோப்பை டாகுமென்ட்டாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டாகப் பதிந்து அனுப்பினால் பாஸ் சரியாகக் கேட்காது.