அக்கா வீட்டு மந்திரவாதி

மாப்ள செல்வம்,

பதில் போடாததற்குப் பழைய சாக்குதான், நீயே நிரப்பிக்கொள். இங்கே மழை இல்லை, முதுகுவலி உண்டு, ராசு அந்த ஐந்நூறை இன்னும் தரவில்லை.

அக்கா வீட்டுக்குள் ஒரு மந்திரவாதி நுழைந்துவிட்டான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பிள்ளை பிறந்ததிலிருந்து அக்கா மகள் கனிக்குத் தூக்கமில்லை. சும்மா சும்மா அழுகிறாள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அக்கா இவனைக் கூட்டி வந்திருக்கிறாள். நான் போனபோது வெற்றிலையில் மை தடவி, பக்கத்து வீட்டுப் பயலை உட்காரவைத்து, "என்னலே தெரியுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பயல் முழித்துவிட்டு "ஒரு பொம்பள" என்றான். அக்கா உடனே, "பச்சைச் சேலையா?" பயலும் "ஆமா, பச்சை." தீர்ந்தது. பழி முழுக்கச் சம்பந்தி வீட்டுச் சித்தி தலையில்.

அவனுடைய அகராதி இருக்கிறதே, அதுதான் தொழில். முதலில் 'காத்து கருப்பு' என்றான், தாயத்தோடு போயிற்று. பிறகு 'ஏவல்' ஆயிற்று, யாரோ எதையோ ஏவி விட்டிருக்கிறார்களாம். அடுத்து 'வைப்பு'. கொல்லை மூலையைத் தோண்டினான். ஒரு செப்புத் தகடும் ஊசி குத்திய எலுமிச்சம்பழமும் வந்தன. புதைத்து ரெண்டு வருஷமாம். தகட்டில் பொட்டுக் களிம்பு இல்லை, பழம் மஞ்சள்கூட மாறவில்லை. நான் சிரித்தேன், அக்கா முறைத்தாள். இப்போது யாரோ சோற்றில் கலந்து கொடுத்த 'இடுமருந்தை' வயிற்றிலிருந்து எடுக்க வேண்டுமாம், எடுத்தபின் முச்சந்தியில் 'கழிப்பு', மறுபடி வராமலிருக்க 'எல்லைக்கட்டு'. பேர் மாறும்போதெல்லாம் கூலி ஏறுகிறது. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடுப்பில், "மந்திரவாதத்தில் எட்டு வேலை சொல்வாங்களே, அஷ்டகர்மம், தெரியுமாவே உமக்கு?" என்று கேட்டுவிட்டேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான்: வசியம், மோகனம், ஆகருஷணம், தம்பனம், உச்சாடனம், பேதனம், வித்துவேஷணம்... அங்கே நிறுத்தி, அக்காவைப் பார்த்து, குரலை இறக்கி, "மாரணம்." ஆளையே கொல்கிற வேலை. அவ்வளவுதான் மாப்ள, அக்கா வளையலைக் கழற்றிவிட்டாள்.

தமிழய்யா நடத்திய சங்கப்பாட்டு வெறியாட்டு ஞாபகம் இருக்கிறதா? நீ வேலனாக ஆடி பெஞ்சை உடைத்தாயே. மகள் காதலில் வாடுவது தெரியாமல் தாய் முருகன் பூசாரியான வேலனை அழைப்பாள். அவன் கழங்குக் காய் போட்டுக் குறி பார்த்து, முருகன்தான் பிடித்து வருத்துகிறான் என்று ஆட்டுக்குட்டியை அறுப்பான். குறுந்தொகை 362-இல் தோழி கேட்கிறாளே, 'நீ கொடுக்கும் பலியை இவளை வருத்திய மலைநாட்டானின் மார்பும் உண்ணுமோ' என்று. என்ன நக்கல்! அந்தப் பெண்ணுக்குக் கூடவே காரணம் தெரிந்த ஒருத்தி இருந்தாள். கனிக்கு யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை துபாயில்.

சிரிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. நேற்று அந்த ஆள், "இதுக்கும் இறங்கலைன்னா எங்கேயாச்சும் கொண்டுபோய்க் கட்டித்தான் போடணும்" என்றான். எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6, மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை நான்.

14416-க்குப் போன் போட்டேன், டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். பிரசவத்துக்குப் பிறகு இப்படி மனச்சோர்வு வருவது உண்டு, சரிசெய்யக்கூடியதுதான், தள்ளிப்போடாதீர்கள், தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள் என்றார்கள். இப்போது என் வீட்டுக்காரி அங்கேதான் படுக்கிறாள். திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் அக்கா, "எம் மவ பைத்தியமா?" என்று கத்துகிறாள். 'செய்வினை' என்றால் குற்றம் அடுத்தவள் மேல் போய்விடுகிறது, ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டில் அந்த வசதி கிடையாது.

நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். கூடப்பிறந்த என்னைவிட உனக்குத்தானே எப்போதும் மீன்தலை. ஞாயிறு காலை வண்டியில் வந்துவிடு. தகடு, மை எதையும் பழிக்காதே. "சாமியும் கும்பிடுவோம், டாக்டரையும் பார்ப்போம்" என்று மட்டும் சொல். அந்த ஆள் வாசலில் நின்றால் பேசாமல் உள்ளே வா. கோடாங்கியிடம் உடுக்கையைப் பிடுங்கினவன் நீ, தெரியும், இங்கே வேண்டாம்.

உன்
முருகேசன்