பின்பக்க நண்பர்

அன்பு மகளுக்கு,

முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு, மேலதிகாரியிடம் போய் உன் வேலையைக் குறை சொல்லும் அந்த மனிதரைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மா அவருக்கு உடனே இரண்டு பெயர்கள் வைத்துவிட்டாள். அவை கடிதத்தில் எழுதத் தக்கவை அல்ல. ஆனால் நீ இருக்கும் லண்டனில் அச்சான ஓர் அகராதியிலேயே அவருக்குப் பொருத்தமான பழைய சொல் இருக்கிறது: பேக்ஃப்ரெண்ட். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி, 'பின்பக்கமாக நண்பன். அதாவது மறைவில் பகைவன்' என்று அதற்குப் பொருள் சொல்கிறது. வாயளவில் நட்புக் கொண்டாடுகிறவனுக்கு மவுத்ஃப்ரெண்ட் என்று வேறு சொல் உண்டு. உன் ஆள் வாயோடு நிற்பவர் இல்லை, குழியும் பறிக்கிறார்.

ஏறக்குறைய 42,000 சொற்கள் கொண்ட அந்த அகராதியை, ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடத்தில், ஆறு உதவியாளர்களோடு ஜான்சன் தொகுத்தார். ஆறில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்கு ஆகாரம் என்று எழுதினார். குசும்பு பிடித்த மனிதர்!

வசவுகளில்தான் அவர் கை நன்றாக விளையாடியிருக்கிறது. நல்ல பந்தி எங்கே என்று மோப்பம் பிடித்துப் போகிறவன் ஸ்மெல்ஃபீஸ்ட். உடல் கனத்த சோம்பேறி பெட்பிரஸர் (தம்பியிடம் சொல்லாதே). யூரினேட்டர் என்றால் நீ நினைப்பது அல்ல. தண்ணீருக்குள் மூழ்கித் தேடுகிறவர். லத்தீனில் மூழ்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது.

எனக்கு மிகவும் பிடித்தது கிஸ்ஸிங் க்ரஸ்ட். ரொட்டிகளை அடுப்பில் நெருக்கமாக வைத்தால், உப்பும்போது ஒன்றை ஒன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் முறுகாமல், வெளுத்து மெத்தென்று இருக்கும். முத்தமிட்ட அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தப் பெயர். தனித்தனி அச்சில் வேகும் ரொட்டிக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. சொல்லுக்கும் வேலை போயிற்று. அது நியாயம். பேக்ஃப்ரெண்ட் ஏன் வழக்கொழிந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆள் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாரே!

காஃப் சதுக்கத்து வீட்டை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்து வா. வெளியே ஜான்சனின் பூனை ஹாட்ஜுக்கு வெண்கலச் சிலை உண்டு. அகராதியின் மேல் உட்கார்ந்திருக்கும்.

அந்த மனிதரோடு சண்டை வேண்டாம். அடுத்த முறை உன்னைப் புகழும்போது, அதையே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பச் சொல். மேலதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும்.

அன்புடன்,
அப்பா